மொழிப் புதையல் வேட்டை: போன் ஏன் வாசிக்கவில்லை?

கேள்வி: தரம் 8 பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழிச் சிங்களம் படிப்பிக்க, பிரட்றிக் கோட்டைப் பக்கம் கியூஆர் குறியீடுகளைக் கட்டிப் புதையல் வேட்டை வைத்தோம். பாதியைப் போன் வாசிக்கவில்லை. ஏன்?
- ஆசிரியை, திருகோணமலை

பதில்: வசனம் நீண்டிருக்கும். குறியீட்டுக்குள் ஆங்கில எழுத்து 1 பைட் (தரவை அளக்கும் அலகு) இடம் பிடிக்கும். சிங்கள எழுத்து 3 பைட், அதன் உயிர்க்குறிக்கு இன்னொரு 3. ஒரு பந்தியையே திணித்தால் குறியீட்டின் கட்டங்கள் மிகச் சிறிதாகிவிடும், போனுக்குப் பிடிபடாது. 'மரத்துக்கு இடப்பக்கம் பார்' அளவில் ஒரே வசனம் போதும். இணைய முகவரி வேண்டாம். வசனத்தையே உள்ளே வைத்தால் டேட்டா இல்லாமலும் திறக்கும்.

ஒரு மீற்றர் தூரத்திலிருந்து வாசிக்க 10 சென்ரிமீற்றர் அகலம் வேண்டும். சுற்றிவர வெள்ளை ஓரம் விடுங்கள். அதை வெட்டினாலும் வாசிக்காது. லமினேற் செய்த தாள் வெயிலில் கண்ணாடிபோல் மின்னும், நிழற்பக்கம் கட்டுங்கள். தாழ்வாகக் கட்டினால் கோட்டை மான்கள் மென்றுவிடும்!

குழுவுக்கு நால்வர், ஒரு போன். இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றே முழுவதையும் முடித்துவிடும். போன் வைத்திருப்பவர் சிங்களத்தில் உரக்க வாசிக்கட்டும். திரையைப் பாராத மற்ற மூவரும் கேட்டு வழி சொல்லட்டும். ஒவ்வொரு இடத்திலும் போன் கைமாறவேண்டும். 6 இடங்கள், 40 நிமிடம். அதற்குமேல் வெயில் தாங்காது.