நனைந்த காகிதம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பருத்தி வேட்டியைத் தண்ணீரில் முக்கிக் கல்லில் அடித்துத் துவைக்கிறோம், கிழிவதில்லை. பருத்திக் கூழில் செய்த காகிதம் நனைந்தால் கையோடு வந்துவிடுகிறது. இரண்டும் ஒரே நார்தானே?

பதில்: நார் ஒன்றுதான். நார்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் விதம்தான் வேறு. வேட்டியில் நார்களை முறுக்கி நூலாக்கி, நூலை ஊடும் பாவுமாக நெய்திருக்கிறார்கள். இழுக்க இழுக்க முறுக்கு இறுகும், உராய்வு கூடும். அதோடு, பருத்தி நார் நனைந்தால் உலர்ந்திருப்பதைவிடச் சற்று வலுவாகவே இருக்கும்.

காகிதத்தில் முறுக்கும் இல்லை, நெசவும் இல்லை. பெரும்பாலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளமுள்ள நார்களைத் தண்ணீரில் கலக்கிச் சல்லடையில் பரப்புகிறார்கள். ஆலையில் அந்தக் கூழில் 99 விழுக்காடு தண்ணீர்தான். நீர் வடிந்து ஆவியாகும்போது அதன் பரப்பு இழுவிசை நார்களை ஒன்றோடொன்று நெருக்குகிறது. நாரிலுள்ள செல்லுலோஸ் மூலக்கூறில் ஹைட்ராக்சில் தொகுதிகள், அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த அணுக்கூட்டங்கள், நிறைய உண்டு. நெருங்கி வந்த நார்களில் ஒன்றின் ஹைட்ரஜனை மற்றதன் ஆக்சிஜன் ஈர்ப்பதால் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஏற்படுகின்றன. தனித்தனியாகப் பார்த்தால் இவை வலுவற்றவை. ஆனால் எண்ணிக்கை மிகப் பெரிது, அதனால் பசையே இல்லாமல் தாள் உறுதியாக நிற்கிறது.

இந்தப் பிணைப்பைத் தண்ணீர் மூலக்கூறாலும் போட முடியும். தாள் நனைந்ததும் நார்களுக்கிடையில் புகுந்து, ஒவ்வொரு நாரோடும் தானே பிணைந்துகொள்கிறது. நார் அகலத்தில் பருத்து, நீளத்தில் அநேகமாக மாறாமல் இருப்பதால் மிச்சமிருந்த பிடிப்பும் நெகிழ்கிறது. பிறகு எஞ்சுவது உராய்வு மட்டுமே. நன்றாக ஊறிய சாதாரணத் தாளில் உலர்ந்த வலுவில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மீண்டும் காய்ந்தால் பிணைப்புகளும் மீண்டும் உருவாகும். வலுவில் பெரும்பகுதி திரும்பும், சமதளம் திரும்பாது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். செய்தித்தாளில் 2 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு துண்டுகளை ஒரே திசையில் வெட்டுங்கள். ஒன்றைத் தண்ணீரிலும் மற்றதைத் தேங்காய் எண்ணெயிலும் ஒரு நிமிடம் ஊறவைத்து இழுத்துப் பாருங்கள். எண்ணெய்த் துண்டு ஏறத்தாழ உலர்ந்த தாளைப் போலவே தாங்கும். எண்ணெய்க்கு ஹைட்ரஜன் பிணைப்பைக் கலைக்கும் திறன் இல்லை. அது நார்களுக்கிடையேயுள்ள காற்றை மட்டும் வெளியேற்றுகிறது; அதனால் ஒளி சிதறுவது குறைந்து தாள் கண்ணாடி போலத் தெரிகிறது.

ஈரமே ஆகாது என்று எண்ணிவிட வேண்டாம். சாதாரணமாகவே காகிதத்தில் 5 முதல் 8 விழுக்காடு ஈரம் இருக்கும். அதையும் இழந்த தாள் மடித்தால் ஒடியும்.

கேள்வி: நோட்டுத் தாளில் மை ஊறாமலிருக்க ரோசின் (பைன் மரப் பிசின்) சேர்க்கிறார்களே, அது தண்ணீரிலிருந்து தாளைக் காக்காதா?

பதில்: தாமதப்படுத்தும், அவ்வளவுதான். 1807-இல் ஜெர்மனியின் காகிதத் தயாரிப்பாளர் இல்லிக் வெளியிட்ட முறை இது: ரோசினையும் படிகாரத்தையும் கூழிலேயே சேர்ப்பது. நாரின் மேற்பரப்பு நீரை எளிதில் ஏற்காது. ஆனால் ஒருமுறை நீர் உள்ளே போய்விட்டால் பிணைப்புகள் வழக்கம்போல அவிழும். படிகாரத்தின் அமிலம் தாளைப் பழுப்பாக்கி நொறுங்கவைப்பது தனிக் கேடு. பழைய புத்தகங்கள் பல அப்படித்தான் அழிந்துகொண்டிருக்கின்றன.

ஈரத்திலும் கிழியாத தாள் வேண்டுமென்றால் வேறு வகை ரெசின் (செயற்கைப் பிசின்) தேவை. இன்று பெரும்பாலும் பாலிஅமைடு-எபிகுளோரோஹைட்ரின் பயன்படுகிறது. உலர்ந்த நாரின் எடையில் 1 விழுக்காடு அளவே போதும். உலர்த்தும் உருளைகளின் சூட்டில் அது நீர் அவிழ்க்க முடியாத வலைப்பின்னலாகிறது. தாள் சுருளில் இருக்கும்போதும் இந்த இறுக்கம் சில நாட்கள் தொடரும். எனவே இயந்திரத்திலிருந்து வந்த கையோடு சோதித்தால் முழு வலு தெரியாது. நனைந்த பின்னும் 15 விழுக்காட்டுக்கு மேல் வலு நிற்கும் தாளையே இந்த வகையில் சேர்ப்பார்கள். தேநீர்ப் பைகளும் சமையலறைத் தாளும் இந்த வகை.

கழிப்பறைத் தாளில் இந்த ரெசினை வேண்டுமென்றே தவிர்க்கிறார்கள், குழாயில் கரைந்து போக வேண்டுமே! அதனால் முகம் துடைக்கும் டிஷ்யூவையும் சமையலறைத் தாளையும் கழிப்பறையில் போடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். சந்தேகமென்றால் பாதி நீர் நிரப்பிய பாட்டிலில் ஒரு தாளைப் போட்டு ஒரு நிமிடம் குலுக்குங்கள். கழிப்பறைத் தாள் கூழாகிவிடும்.

கேள்வி: சட்டைப் பையோடு துவைத்த ரூபாய் நோட்டு எப்படித் தப்பிக்கிறது?

பதில்: நம் நோட்டுத் தாள் 100 விழுக்காடு பருத்தி. நீண்ட நார், ஈரவலு ரெசினும் துணை. நிழலில் உலர்த்துங்கள். இஸ்திரி போட வேண்டாம், பாதுகாப்பு இழை பிளாஸ்டிக்.

கேள்வி: மழைநீரில் பத்திரங்களும் புத்தகங்களும் ஊறிவிட்டன. என்ன செய்வது?

பதில்: ஊறிய தாள்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் துடிக்காதீர்கள், அந்த நேரத்தில்தான் தாள் மிகவும் வலுவிழந்து இருக்கும். கட்டின் அடியில் கெட்டியான பிளாஸ்டிக் தாளைச் செருகி, அதோடு சேர்த்தே தூக்குங்கள். சாய்வாக வைத்து நீரை வடியவிடுங்கள். அச்சிடாத வெள்ளைத் தாளை மேலும் கீழும் வைத்து ஒற்றுங்கள், தேய்க்கக் கூடாது. ரப்பர் முத்திரை மையும் பேனா மையும் எளிதில் பரவும். பால்பாயிண்ட் எழுத்து பெரும்பாலும் தாங்கும். உறிஞ்சும் தாளை மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். மின்விசிறிக் காற்று அறையில் சுழன்றால் போதும், தாள்மேல் நேராக அடிக்கக் கூடாது. வெயிலில் போட்டால் ஓரம் முதலில் காய்ந்து சுருளும், மையும் வெளுக்கும். லேசான ஈரம் இருக்கும்போதே இரு அட்டைகளுக்கிடையில் வைத்துப் பாரம் ஏற்றினால் நெளிவு குறையும்.

48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கலாம். அதற்குள் கவனிக்க முடியாதவற்றை பிளாஸ்டிக் பையிலிட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்த நிலையில் வாரக்கணக்கில் காத்திருக்கும். பளபளப்புத் தாள் புத்தகங்களுக்கு இதில் முதலிடம் கொடுங்கள். அவற்றின் களிமண் பூச்சு ஈரத்தில் இளகி, காயும்போது பக்கங்களை ஒட்டவைத்துவிடும். ஒட்டியபின் பிரிப்பது அநேகமாக நடவாது.

பதிவான பத்திரம் சிதைந்துவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்டுப் பெறலாம். ஆவண எண், ஆண்டு, அலுவலகத்தின் பெயர் மூன்றும் தேவைப்படும்; சிதைந்த தாளில் அவை படிக்கும்படி இருக்கும்போதே குறித்துவைத்துவிடுங்கள்.