டிஸ்சார்ஜ் தாளைப் படிப்பது எப்படி?

கேள்வி: மார்புவலிக்காக அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட என் தந்தை (சர்க்கரை நோயாளி) வீடு திரும்பிவிட்டார். டிஸ்சார்ஜ் தாளில் ஸ்டாட், ஐ.வி., எஸ்.எல்., எஸ்.ஓ.எஸ்., எஸ்.சி., எச்.எஸ். என்றெல்லாம் இருக்கிறது. எதை நாங்கள் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் தாளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 'ஸ்டாட்' என்றால் உடனே கொடுக்கப்பட்டது, 'ஐ.வி.' என்றால் இரத்தக் குழாய் (சிரை) வழியே, 'ஐ.எம்.' என்றால் தசையில் போடப்பட்டது. இவை பெரும்பாலும் மருத்துவமனையில் நடந்து முடிந்த சிகிச்சையின் பதிவு. நீங்கள் செய்ய வேண்டியவை, வீட்டில் தொடர வேண்டிய மருந்துகள் என்ற பகுதியில்தான் இருக்கும்.

அதில் ஓ.டி. தினம் ஒரு வேளை, பி.டி. இரு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, எச்.எஸ். படுக்கும் முன். ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. பின். 1-0-1 என்று எழுதியிருந்தால் காலையும் இரவும். எஸ்.ஓ.எஸ். என்பதை ஆபத்துக் குறியீடாக எண்ணிப் பலர் பதறுகிறார்கள்; மருந்துச் சீட்டில் அதற்குத் தேவைப்பட்டால் மட்டும் என்பதே பொருள். எனவே அந்த மாத்திரையை வேளை தவறாமல் கொடுக்கக் கூடாது.

உங்கள் தந்தையைப் பொறுத்தவரை முக்கியமானது எஸ்.எல்., அதாவது நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை. மார்புவலிக்குத் தரப்படும் ஐசோசார்பைடு டைநைட்ரேட் மாத்திரையை விழுங்கினால், அது குடல் வழியே கல்லீரலுக்குச் சென்று, இரத்தத்தில் கலக்கும் முன்பே பெருமளவு சிதைந்துவிடும், வேலை செய்யவும் தாமதமாகும்; நாக்கின் அடியில் கரைந்தால் அங்குள்ள மெல்லிய தோல் வழியே நேராக இரத்தத்தில் சேர்ந்து சில நிமிடங்களில் வேலை செய்யும். இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றலாம் என்பதால் அவரை உட்கார வைத்தே கொடுங்கள். வாய் உலர்ந்திருந்தால் ஒரு மிடறு தண்ணீரால் நனைத்த பிறகு வையுங்கள். ஒரு மாத்திரை வைத்து 5 நிமிடத்தில் வலி குறையாவிட்டாலோ, கூடினாலோ 108-ஐ அழையுங்கள். அடுத்த மாத்திரைக்குப் பலன் தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாபில் போன்ற மாத்திரை எடுக்கும் வழக்கம் இருந்தால், கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு வீழ்ந்துவிடும்.

எஸ்.ஆர்., எக்ஸ்.எல். என்று பெயரோடு சேர்ந்து வரும் மாத்திரைகள் மருந்தை மணிக்கணக்கில் மெல்ல விடுவிப்பவை. விழுங்கச் சிரமப்படுகிறார் என்பதற்காக அவற்றைப் பொடிக்காதீர்கள். முழு நாள் மருந்தும் ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும். மாற்று மருந்தைக் கேட்டுப் பெறுவதே சரி.

எஸ்.சி. என்பது தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புப் படலத்தில் போடும் ஊசி. இன்சுலின் அப்படித்தான் போடப்படுகிறது. இங்கே நான் அதிகம் அஞ்சுவது இடத்தைப் பற்றி அல்ல, சிரிஞ்சைப் பற்றி. நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பலவும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் வருவது பெரும்பாலும் 100 யூனிட். சிவப்பு மூடியுள்ள சிரிஞ்சு 40-க்கும், ஆரஞ்சு மூடியுள்ளது 100-க்கும் உரியது. 100 யூனிட் இன்சுலினை 40-இன் சிரிஞ்சில் ஏற்றினால், அதே கோடு வரை இழுத்தாலும் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். ஆகவே குப்பியில் அச்சிட்ட எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் ஒவ்வொரு முறையும் ஒப்பிடுங்கள். தாளில் '10 யூ' என்று கையால் சுருக்கி எழுதியிருந்தால், ஆங்கில எழுத்தைப் பூஜ்ஜியமாகப் படித்து 100 என்று எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. 'யூனிட்' என்று முழுதாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.