குருவானவர், போதகர், பாஸ்டர்: திருமணத்தை நடத்தும் அதிகாரம் யாருக்கு?

கேள்வி: சுரண்டைப் பக்கம் நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக் குடும்பம். அடுத்த மாதம் மகளுக்குத் திருமணம். மாப்பிள்ளை வீட்டார் எந்தப் பேராயரின் கீழும் வராத தனிச்சபைக்குப் போகிறவர்கள். அவர்கள் ‘போதகர்’ என்று சொல்லும் ஒருவரை அழைப்பிதழில் ‘குருவானவர்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? மாப்பிள்ளை துபாயில் இருப்பதால், பின்னால் விசாவுக்குச் சிக்கல் வருமா?

பதில்: நம் ஊர்களில் சபையை நடத்துகிறவர் எவரானாலும் அவரை ‘ஐயர்’ என்றும் அவர் மனைவியை ‘ஐயரம்மா’ என்றும் அழைத்துப் பழகியதால், அந்த மரியாதைக்குள்ளேயே சட்ட அதிகாரமும் அடங்கியிருப்பதாகப் பலர் நினைத்துவிடுகிறார்கள். திருமண்டல (ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளின்) வழக்கில் குருவானவர் என்பவர் பேராயர் கைவைத்துக் குருப்பட்டம் கொடுத்தவர். போதகர் என்ற சொல்லோ அவரையும் குறிக்கும், போன வருடம் வாடகைக் கட்டடத்தில் ஜெபக்கூட்டம் தொடங்கியவரையும் குறிக்கும்.

1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் பட்டப்பெயரைப் பார்ப்பதில்லை. பேராயரிடம் குருப்பட்டம் பெற்றவர் தம் சபை முறைப்படி திருமணம் நடத்தலாம். தனிச்சபைப் போதகருக்கு 6ஆம் பிரிவின்படி மாநில அரசு அரசிதழில் அறிவித்துக் கொடுத்த உரிமம் வேண்டும். அதிகாரமற்றவர் நடத்திய திருமணம் செல்லாது என்கிறது 4ஆம் பிரிவு. அப்படி நடத்தியவருக்குப் பத்து ஆண்டுவரை சிறை உண்டு என்கிறது 68ஆம் பிரிவு.

ஆகவே அரசிதழ் நகலைக் கேட்டு வாங்குங்கள். வேதாகமக் கல்லூரிப் பட்டம், சங்கப் பதிவுச் சான்று, சபையின் வட்ட முத்திரை ஆகியவற்றில் எதுவும் அந்த உரிமத்துக்கு ஈடாகாது. பதிவு அலுவலக வாசலில் நிற்கும் தரகர்கள் இவற்றைத்தான் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காட்டி, “எல்லாம் சரியாக இருக்கிறது, சான்றிதழ் என் பொறுப்பு” என்று பணம் வாங்குவார்கள். திருமணத்தையே பார்க்காதவரிடம் கையெழுத்து வாங்கித் தருகிறவர்களும் உண்டு. அவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

குருவானவருக்கு உதவியாகச் சபையில் ஊழியம் செய்யும் உபதேசியாரைப் பற்றியும் கேட்பார்கள். அவர் குருப்பட்டம் பெற்றவர் அல்லர். ஆயினும் 9ஆம் பிரிவின்படி உரிமம் பெற்ற கிறிஸ்தவர் என்றால், இந்தியக் கிறிஸ்தவர் இருவருக்கிடையே திருமணச் சான்று வழங்கலாம். இருவருமே கிறிஸ்தவராக இருக்க வேண்டும். ஒருவர் இந்துவாக இருந்தால் அந்த உரிமம் உதவாது. அவரும் நம்பத்தகுந்த இரு சாட்சிகளும் முன்னிலையில் இருக்க, மணமக்கள் உறுதிமொழி சொல்ல வேண்டும். இந்த உரிமமும் அரசிதழில் வந்திருக்க வேண்டும். உபதேசியாராகப் பல காலம் ஊழியம் செய்தவர் என்பதால் மட்டும் அந்த அதிகாரம் வந்துவிடாது.

உரிமம் பெற்றவர்களின் பட்டியலை ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகச் சுவரிலும் ஒட்டினால் இவ்வளவு அலைச்சல் வேண்டியதில்லை. நான் போய்வரும் அலுவலகங்களில் அப்படி ஒரு தாளைக் கண்டதில்லை. பெண்ணைப் பெற்றவர் பழைய அரசிதழைத் தேடி அலைய வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

விசாவுக்குச் சபைச் சான்று மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009இன்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். உரிம நகல் வரவில்லையென்றால் உங்கள் சேகர (வட்டாரச் சபைகளுக்குப் பொறுப்பான) குருவானவரை இந்த வாரமே பாருங்கள். ஞாயிறு ஆராதனைகளில் திருமண அறிவிப்பு வாசிக்க நாள் வேண்டும். தாலி கட்டும் ஆராதனையை அவர் நடத்தட்டும், மாப்பிள்ளை வீட்டுப் போதகர் ஜெபமும் செய்தியும் கொடுக்கட்டும். அழைப்பிதழிலும் அவரவர் பெயரை அதற்கேற்ப மாற்றி அச்சிடச் சொல்லுங்கள்.