நாலாவது பார்ட்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்கு 12 வயது. சென்னையில் இரண்டு வருடமாக செல்லோ (உட்கார்ந்து வில்லால் வாசிக்கும், பெரிய வயலின் போன்ற வாத்தியம்) கற்றுக்கொள்கிறாள். ஆண்டு விழாவில் நான்கு பிள்ளைகள் சேர்ந்து வாசிக்கிறார்கள். இவளுக்குக் கிடைத்தது நாலாவது பார்ட். முக்கால்வாசி நேரம் ஒரே சுரத்தை நீட்டி இழுக்கும் வேலைதான். வீட்டுக்கு வந்து அழுதாள். தேற்றுவதற்காக, பின்லாந்து இளைஞர்கள் நான்கு பேர் செல்லோ மட்டும் வைத்துக்கொண்டு வாசிக்கும் காணொளி ஒன்றைக் காட்டினேன். "இதுலயும் ஒருத்தர் சும்மா இழுத்துக்கிட்டுத்தானேம்மா இருக்கார்?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரே வாத்தியத்தை நான்கு பேர் வாசிப்பதில் அப்படி என்ன இருக்கிறது? அத்தனை சின்ன நாட்டில் இத்தனை செல்லோக்காரர்கள் எப்படி வந்தார்கள்? டீச்சரிடம் பேசி பார்ட்டை மாற்றச் சொல்லலாமா?

வ., சென்னை

அன்புள்ள வ.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பேச வேண்டாம். அந்த பார்ட் அவளிடமே இருக்கட்டும்.

அந்தக் காணொளியை அவளோடு இன்னொரு முறை பாருங்கள். இந்தத் தடவை மெட்டு வாசிப்பவரை விட்டுவிட்டு, "சும்மா இழுக்கிறவரை" மட்டும் கவனியுங்கள். செல்லோவின் தடித்த தந்தியை, விரல் வைக்காமல் வாசித்தால் அதிர்வது கண்ணுக்கே தெரியும். ஒற்றைத் தந்தி பட்டையான நிழல் மாதிரி அகன்று நிற்கும். நல்ல குழுவில் அவர் நோட்ஸைப் பார்க்கும் நேரம் குறைவு. பார்வை முதல் ஆளின் வில்லிலேயே இருக்கும். முதல் ஆள் மூச்சை இழுக்கும்போதே இவர் வில் தந்தியைத் தொட்டிருக்கும். மற்ற மூவரும் சுருதி சேர்வது இவரை வைத்துத்தான். இவர் ஒரு இழை விலகினால் அந்த மூவரும் தப்பாக வாசிப்பதுபோல் கேட்கும். நம் நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து பிடிப்பவர் செய்கிற வேலைக்கு இது ரொம்பப் பக்கம். அந்த வேலையைப் போய் "ஒத்து ஊதுவது" என்று வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம் உண்டு.

சரி, ஒரே வாத்தியம் நான்கு எதற்கு? செல்லோவின் நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று ச-ப இடைவெளியில் இருப்பவை. அடித்தொண்டை ஆண்குரலில் தொடங்கி உச்சஸ்தாயிப் பெண்குரல் வரைக்கும் அந்த ஒரே மரப்பெட்டிக்குள் இருக்கிறது. நான்கு செல்லோ சேர்ந்தால் ஒரு முழுப் பாடகர் குழுதான். ஆனால் எல்லாம் ஒரே மரத்தின் குரல் என்பதால், நன்றாக வாசிக்கும்போது எந்தச் சுரம் யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. வழக்கமான நால்வர் குழுவில் இரண்டு வயலின், ஒரு வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது), ஒரு செல்லோ. செல்லோ அடியில்தான் இருக்கும். மெட்டு பெரும்பாலும் முதல் வயலினுக்குப் போய்விடும். நான்கும் செல்லோ என்றால் யாராவது ஒருவர் வயலின் இடத்துக்கு ஏறியாக வேண்டும். இடது கட்டைவிரலையே தந்தி மேல் படுக்க வைத்து, விரல்பலகையின் கீழ்க்கோடிக்குக் கையைக் கொண்டுபோய் வாசிப்பார்கள். அடுத்த உருப்படிக்கு அவர் இறங்குவார், வேறொருவர் ஏறுவார்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் அபோகலிப்டிகா என்ற பின்லாந்துக் குழு. 1993இல் ஹெல்சின்கியின் சிபேலியஸ் அகாடமி என்ற இசைக் கல்லூரியில் படித்த நான்கு செல்லோ மாணவர்கள், மெட்டாலிக்கா என்ற ராக் குழுவின் பாடல்களை நான்கு செல்லோவுக்கு மாற்றி வாசித்தார்கள். 1996இல் முதல் ஆல்பம் வந்தது. அதில் டிரம்ஸ் இல்லை, கிட்டார் இல்லை. கிட்டாரின் வெட்டு வெட்டான தாளத்தை, வில்லைத் தந்தியில் அழுத்திக் கடித்து வாசித்தே கொண்டுவந்தார்கள். மேலே மெட்டு அழுதுகொண்டு போகும், கீழே இருப்பவர்கள் டிரம்ஸையும் சேர்த்துச் சுமப்பார்கள். உங்கள் மகளுக்கு இதைப் போட்டுக் காட்டுங்கள். பன்னிரண்டு வயதுக்கு நிச்சயம் பிடிக்கும்.

பின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 56 லட்சம். அங்கே பிறக்கும் பிள்ளைக்கு விரல் வேறு மாதிரி இல்லை. 1960களின் இறுதியில் இசைப் பள்ளிகளுக்கு அரசுப் பணம் கிடைக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். சின்ன ஊர்களிலும் பள்ளிகள் வந்தன. 1966இல் ஆர்டோ நோராஸ் என்ற பின்லாந்து செல்லோ கலைஞர் மாஸ்கோவின் சைக்கோவ்ஸ்கி இசைப் போட்டியில் இரண்டாம் பரிசு பெற்றார். அப்புறம் பல காலம் சிபேலியஸ் அகாடமியில் ஆசிரியராக இருந்து அடுத்த தலைமுறைகளை உருவாக்கினார். ஹங்கேரியிலிருந்து வந்த சில்வாய் சகோதரர்கள் (கேஸா வயலின் ஆசிரியர், சபா செல்லோ ஆசிரியர்) ஒவ்வொரு தந்திக்கும் ஒரு நிறம் கொடுத்து, அந்த நிறத்திலேயே நோட்ஸ் எழுதிக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 1972இல் பிள்ளைகளை வைத்தே ஹெல்சின்கியில் ஒரு தந்தி வாத்தியக் குழுவும் தொடங்கினார்கள். முதலில் தனியாகத் தேர்ந்து, பிறகு கூட்டத்தில் சேர்வது என்ற வரிசை அங்கே இல்லை. சேர்ந்து வாசித்துக்கொண்டேதான் வளர்கிறார்கள்.

அந்த அகாடமிக்குப் பெயர் தந்த பின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸ் வீட்டிலேயே அப்படித்தான். அவர் வயலின், அக்கா லிண்டா பியானோ, தம்பி கிறிஸ்டியன் செல்லோ. இளவயதில் அவர் எழுதிய மூவர் இசையில் பல, இந்த வீட்டுக் கச்சேரிக்காகப் பிறந்தவை. அந்தத் தம்பி பின்னாளில் மனநல மருத்துவர் ஆனார்.

எனக்கு மிகவும் பிடித்த கதை கூஹ்மோவுடையது. ரஷ்ய எல்லைக்குப் பக்கத்தில், காட்டுக்கு நடுவே இருக்கும் சிற்றூர். 1970இல் செப்போ கிமானென் என்ற இளம் செல்லோ கலைஞர் அங்கே ஒரு சேம்பர் இசை (சிலர் மட்டும் சேர்ந்து வாசிக்கும் இசை) விழாவைத் தொடங்கினார். இன்றும் ஒவ்வொரு ஜூலையிலும் நடக்கிறது. வருகிற கலைஞர்களைக் கலைத்துப்போட்டு, புதுப்புதுக் குழுக்களாக உட்கார வைப்பது அந்த விழாவின் வழக்கம். நேற்று மெட்டு வாசித்தவர் இன்று நடுக்குரல் வாசிப்பார். சபையில் இருப்பவர்கள் அதைப் பதவி இறக்கமாகப் பார்ப்பதில்லை.

1996இல் பிறந்த க்ளாவ்ஸ் மாகெலாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முப்பது வயதுக்குள்ளேயே ஆஸ்லோ, பாரிஸ் இசைக்குழுக்களின் தலைமை நடத்துநர் ஆனவர். அவரும் சிபேலியஸ் அகாடமியில் செல்லோ படித்தவர். நூறு பேரை நடத்துகிறவர், இன்றும் சேம்பர் இசைக்கு செல்லோவைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார். கீழ்க்குரலிலிருந்து மற்றவர்களைக் கேட்டுப் பழகிய காது அவருடையது என்று நான் நம்புகிறேன்.

டீச்சரிடம் ஏதாவது கேட்டே ஆக வேண்டுமென்றால் இதைக் கேளுங்கள். ஒத்திகையில் ஒரே ஒரு முறை, நடுவில் எட்டு தாளவட்டத்துக்கு உங்கள் மகள் வில்லைத் தூக்கிவிடட்டும். மற்ற மூவரும் நிறுத்தாமல் வாசிக்கட்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கட்டும். அப்புறம் தன் தந்தியில் வில்லை வைத்து உள்ளே வரட்டும்.

என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.