சீன மருத்துவம் சொல்லும் உடல்வாகை வைத்து சர்க்கரை நோய் வருமா என்று கண்டுபிடிக்க முடியுமா?

இணையத்தில் அறுபது கேள்விகளுக்குப் பதில் சொன்னேன், 'தான்ஷி' உடம்பு என்று வந்தது, எனக்கு சர்க்கரை வந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாற்பதை நெருங்குபவர், உட்கார்ந்தே பார்க்கும் வேலை, தொப்பை விழுந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஏனென்றால் சீனாவின் குவாங்சௌவில் துணி ஏற்றுமதி வேலையில் இருந்தபோது நானும் அப்படித்தான் இருந்தேன், எனக்கும் இதே பெயர்தான் வந்தது.

முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். பெய்ஜிங் சீன மருத்துவப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வாங் ச்சி உடல்வாகை ஒன்பதாகப் பிரித்தார். ஒன்று சமநிலை, மற்ற எட்டும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தவை. 2009-ல் சீன மருத்துவச் சங்கம் அதைத் தர அளவுகோலாகவே வெளியிட்டது. தான்ஷி என்றால் கபமும் ஈரமும் தேங்கிய உடம்பு. நம் ஊர்க் கப உடம்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம், சில இடங்களில் ஒத்துப்போகும், கணக்கு வேறு. அந்த வகைக்கு மட்டும் எட்டுக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். எனக்கு மொத்தம் 27 வந்தது. அதில் எட்டைக் கழித்து, 32-ஆல் வகுத்து, நூறால் பெருக்கினால் 59. நாற்பதைத் தொட்டாலே அந்த வகை என்று எடுத்துக்கொள்வார்கள்.

2016-ல் என்னோடு வேலை பார்த்த சீனப் பையன்தான் ஒரு சீன மருத்துவ வைத்தியரிடம் கூட்டிப்போனான். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் அந்த அம்மாவுக்கு. இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கில் தயிர் காய்ந்த மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது, அதைத் தன் கைக்கண்ணாடியில் எனக்கே காட்டினார். சிவப்புப் பயறும் யீமி என்கிற வெள்ளைத் தானியமும் போட்டுக் கஞ்சி குடி, இனிப்பையும் எண்ணெயையும் விடு, சர்க்கரை பார்த்தாயா என்று கேட்டார்.

பார்த்தாச்சு, கம்பெனிப் பரிசோதனையில் 6.4-தான் என்று சொன்னேன். பையன் அதை அப்படியே மொழிபெயர்த்தான். அந்த அம்மா முகம் மாறியது, மறுபடி பார்க்கச் சொன்னார். எனக்கு அது உறைக்கவில்லை. நம் ஊரில் சர்க்கரை 110, 120 என்று கேட்டே வளர்ந்தவனுக்கு 6.4 என்றால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டிருந்ததைக்கூட நான் விசாரிக்கவில்லை.

கஞ்சியை மட்டும் ஒரு வருடம் விடாமல் குடித்தேன். உடம்பு பாரம் குறைந்தது, வாய்ப் பிசுபிசுப்பு போனது, உண்மையாகவே சொல்கிறேன். அதனால் சரியாகிவிட்டது என்று நம்பினேன். 2017-ல் அக்கா மகள் கல்யாணத்துக்குத் திருப்பூர் வந்தபோது கால் கட்டைவிரல் புண் மூன்று வாரமாக ஆறவில்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை 168, மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.1. அன்று இரவுதான் பழைய ரிப்போர்ட்டை எடுத்து, சீனாவில் எழுதும் அலகை (mmol/L) நம் அலகுக்கு (mg/dL) மாற்ற 18-ஆல் பெருக்க வேண்டும் என்று தெரிந்து பெருக்கினேன். 115. அப்போதே எல்லைக்கோட்டில் நின்றிருக்கிறேன்.

உடனே சிலர் சீன மருத்துவம் ஏமாற்று என்றும், சிலர் நான் அதை மட்டம் தட்டுகிறேன் என்றும் வருவார்கள். நான் மருத்துவன் இல்லை. அந்த அம்மா என்னைப் பார்த்த பத்து நிமிடத்தில் சரியான இடத்தைத் தொட்டார், அந்த நன்றி எனக்கு இருக்கிறது. ஆனால் தான்ஷிக்கான எட்டுக் கேள்விகளில் ஒன்று வயிறு கொழுத்துத் தளர்ந்திருக்கிறதா என்பதுதான். தொப்பை உள்ளவருக்கு சர்க்கரை வர வாய்ப்பு அதிகம் என்பது எல்லா மருத்துவமும் ஒப்புக்கொண்ட விஷயம். இந்த வகைக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், உடல் பருமனுக்கும் தொடர்பு உண்டு என்று சீனாவில் நிறைய ஆய்வுகள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் ஒரே சமயத்தில் இரண்டையும் பார்த்துக் கணக்கெடுத்தவை அவை. எது முதலில் வந்தது என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். பத்து வருடம் ஊருக்கு வரும்போதெல்லாம் போன் வாங்கி வா, ட்ரோன் வாங்கி வா என்று பட்டியல் அனுப்பியவர்கள், என் தொப்பையைப் பார்த்து "சீனாச் சாப்பாடு நல்லா ஒத்துக்கிச்சு" என்று சந்தோஷப்பட்டார்களே தவிர, உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. என் அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பார்.

சரி, உங்களுக்கு வருவோம். நாளைக் காலை வெறும் வயிற்றில் சர்க்கரையும், கூடவே மூன்று மாதச் சராசரியும் எடுங்கள். இடுப்பை டேப் வைத்து அளந்து பாருங்கள், ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80, அதைத் தாண்டக் கூடாது. கஞ்சி குடிப்பதென்றால் குடியுங்கள், தவறில்லை. ரிப்போர்ட் வந்ததும் எண்ணை மட்டும் போடாமல் அலகையும் சேர்த்துக் கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.