பம்பரில் துளை போடும் முன்

கேள்வி: என் கார் ஒன்பது வருடப் பழையது. பின்னால் சென்சார் எதுவும் இல்லை. அடித்தள பார்க்கிங்கில் இரண்டு தூண்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுத்துத்தான் நிறுத்த வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை உரசிவிட்டேன். தனியாக வாங்கிப் பொருத்தும் சென்சார்களில் எதை எடுப்பது? இரண்டு போதுமா, நான்கு வேண்டுமா? ஓட்டை போடாமல் ஒட்டும் வகை நல்லதா? நானே பொருத்தலாமா?

பதில்: முதலில் ஒன்று பாருங்கள். உரசிய இடம் எது? பம்பரின் பின்பக்கமோ மூலையோ என்றால் சென்சார் உங்களுக்குக் கைகொடுக்கும். பின்கதவுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கோடு விழுந்திருந்தால், வண்டியைத் திருப்பும்போது பக்கவாட்டில் தூண் பட்டிருக்கிறது. பின்பக்க சென்சார் அந்த இடத்தைப் பார்க்கவே பார்க்காது. அதேபோல, பின்னால் வரும்போது ஸ்டியரிங்கை ஒடித்தால் முன்மூலை வெளிப்பக்கமாக வீசும். தூண்களுக்கு நடுவே நிறுத்துகிறவர்கள் பலர் முன்பக்கத்தை உரசுவது இப்படித்தான். இதற்குப் பக்கக் கண்ணாடிகளைத்தான் நம்ப வேண்டும்.

பம்பரில்தான் அடி என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் பம்பரில் துளை போட்டுப் பொருத்தும் அல்ட்ராசோனிக் வகை. ஒவ்வொரு சென்சாருக்குள்ளும் சிறிய பீங்கான் வில்லை ஒன்று இருக்கிறது. மின்சாரம் பட்டதும் அது அதிர்ந்து, நம் காதுக்கு எட்டாத ஒலியை, ஏறத்தாழ 40 கிலோஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல், வெளியே அனுப்பும். எதிரொலி திரும்பி வர எடுத்த நேரத்தை வைத்துத் தூரம் கணக்காகிறது. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் சுவரிலிருந்து எதிரொலி வர ஆறு மில்லி விநாடிகூட ஆகாது.

இந்தக் கணக்கிலேயே சென்சாரின் பலவீனமும் ஒளிந்திருக்கிறது. ஒலியை அனுப்புவதும் கேட்பதும் அதே வில்லைதான். மணி அடித்த பிறகும் கொஞ்ச நேரம் ரீங்கரிப்பது போல, அனுப்பி முடித்த பிறகும் வில்லை சிறிது அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் அதனால் எதையும் கேட்க முடியாது. ஒரு மில்லி விநாடி அதிர்ந்தால்கூட 17 செ.மீ. தூரம் குருடாகிவிடும். அதனால்தான் பெரும்பாலான செட்டுகள் 30 செ.மீ. அளவிலேயே விடாமல் அலறத் தொடங்குகின்றன. தொடர் ஒலி கேட்டபின் ‘இன்னும் கொஞ்சம் போகலாம்’ என்று நகர்த்தாதீர்கள். அதற்குமேல் நெருங்கினால் கருவிக்கே தூரம் தெரியாது.

ஒட்டும் வகையைக் கேட்டிருந்தீர்கள். அது மின்காந்த வகை. பம்பரின் உட்புறம் நீளமான உலோகப் பட்டையை ஒட்டுவார்கள். வெளியே எதுவும் தெரியாது, துளையும் இல்லை. அழகுக்கு அதுதான் சரி. ஆனால் அது வண்டி நகரும்போது ஏற்படும் மாற்றத்தைத்தான் உணரும். வண்டி நின்றுவிட்டால் எதிரே இருக்கும் தூணும் அதற்குத் தெரியாமல் போகலாம். பம்பரில் தண்ணீர் வழிந்தால் பொய்யாகக் கத்தும். உலோக பம்பரில் வேலையே செய்யாது. தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தி நிறுத்தி அங்குலம் அங்குலமாக நகர்கிறவருக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். துளை போடும் வகையையே எடுங்கள்.

எண்ணிக்கையில் தயக்கமே வேண்டாம், நான்கு. இரண்டு சென்சார் போட்டால் நடுவிலோ மூலையிலோ ஓர் இடைவெளி விழும், ஒல்லியான கம்பம் சரியாக அதற்குள் வந்து நிற்கும். ‘வயர்லெஸ்’ என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். டிக்கியில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் முன்னால் இருக்கும் திரைக்கும் நடுவில் மட்டும்தான் வயர் இருக்காது. சென்சார்களிலிருந்து பெட்டிக்கு வயர் இழுத்தே ஆக வேண்டும். திரை வேண்டுமா, வெறும் பஸ்ஸர் போதுமா என்றால் பஸ்ஸரே போதும் என்பேன். பின்னால் வரும்போது கண் கண்ணாடிகளில் இருக்க வேண்டும், முன்னால் மினுக்கும் எண்களில் இல்லை.

வாங்கும்போது வேறு மூன்று விஷயங்கள் பாருங்கள்: சென்சார்கள் தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி. 67 தரத்தில் இருக்கின்றனவா, வயர் இணைப்பு பிளக் வடிவில் கழற்றி மாட்டும்படி இருக்கிறதா, சாய்வைச் சரிசெய்ய ஆப்பு வடிவ வளையங்கள் தருகிறார்களா. இந்த வளையம்தான் பிறகு உங்களைக் காப்பாற்றும்.

சரி, இனி பொருத்தும் வேலை. நீங்களே செய்யலாம். ஆனால் எந்தக் கம்பெனி சென்சார் என்பதைவிட அது எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் உட்காருகிறது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. விலையுயர்ந்த செட்டை 40 செ.மீ. உயரத்தில் பொருத்திவிட்டு, ரிவர்ஸ் போட்டாலே கத்துகிறது என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தாழ்வாக வைத்தால் தரையின் எதிரொலியே திரும்பி வரும். மிக உயரமாக வைத்தால் தாழ்வான கல்லும் தடுப்பும் தப்பிவிடும். தரையிலிருந்து 50 முதல் 60 செ.மீ. பெரும்பாலான கார்களுக்குப் பொருந்தும். செட்டோடு வரும் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

அடுத்தது சாய்வு. துளை போடப்போகும் இடத்தில் ரசமட்டத்தைச் செங்குத்தாக வைத்துப் பாருங்கள். பல பம்பர்கள் அந்த இடத்தில் கீழ்நோக்கி வளைந்திருக்கும். அப்படியே பொருத்தினால் சென்சார் தரையைப் பார்க்கும். ஆப்பு வளையத்தைப் போட்டு முகத்தை நேராக்குங்கள். டிக்கியில் பாரம் ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து சென்சார் இன்னும் கீழே பார்க்கும் என்பதையும் மனதில் வையுங்கள். சென்சாரின் பின்புறத்தில் மேல்பக்கம் எது என்று ஓர் அம்புக்குறி இருக்கும். தலைகீழாகச் செருகிவிட்டு, கருவியே கெட்டது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

பம்பர் முழுவதும் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் குறியிடுங்கள். ஓரத்து இரண்டும் மூலையிலிருந்து சுமார் 10 செ.மீ. உள்ளே. நடுவில் இரண்டை அவற்றுக்கு இடையே சம இடைவெளியில் வையுங்கள். இப்போது பம்பரின் உட்புறத்தைப் பாருங்கள். முடிந்தால் பம்பரைக் கழற்றியே விடுங்கள், சில ஸ்க்ரூவும் கிளிப்பும்தான். உள்ளே குறுக்கே ஓர் இரும்புச் சட்டம் போகும். குறியிட்ட இடம் அதன்மேல் விழுந்தால் சென்சாரின் பின்பகுதிக்கு இடமிருக்காது. ஒரு செ.மீ. மேலோ கீழோ நகர்த்துங்கள், நான்கையும் சேர்த்து. மூலைகளில் ரேடார் உள்ள கார்களும் இருக்கின்றன. அப்படியானால் அதன் முன்னே எதையும் பொருத்தக் கூடாது. ஸ்டெப்னி பின்கதவில் தொங்கினாலோ, இழுவைக் கொக்கி நீட்டியிருந்தாலோ, அவற்றையே தடையாக எடுத்துக்கொண்டு சென்சார் கத்தும். அதை நினைவில் வைத்து ஒதுக்கும் வசதியுள்ள செட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

துளைக்குச் செட்டோடு வரும் வட்ட ரம்பத்தையே பயன்படுத்துங்கள். அளவு அரை மில்லிமீட்டர் பிசகினாலும் சென்சார் ஆடும். முதலில் 3 மி.மீ. வழிகாட்டித் துளை. பிறகு டிரில்லை எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றவிட்டு பெயின்ட் மேற்பரப்பை மட்டும் வட்டமாக வெட்டுங்கள், அப்புறம் நேர்த்திசையில் பிளாஸ்டிக்கை அறுங்கள். பெயின்ட் பிய்ந்து வராது. உலோக பம்பர் என்றால் துளை ஓரத்தில் துருத்தடுப்பு பெயின்ட் பூசி, ரப்பர் வளையத்தோடு பொருத்த வேண்டும்; இல்லையென்றால் அதிர்வு உலோகத்துக்குள் பரவி தவறான ஒலி வரும். சென்சாருக்குக் கார் நிறத்தைப் பூசலாம், மெல்லிய ஒரே பூச்சாக. தடிமனாகப் பூசினால் வில்லை அதிர முடியாமல் செவிடாகிவிடும்.

மின் இணைப்பு எளிது. கருவிக்கு ரிவர்ஸ் விளக்கிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ரிவர்ஸ் கியர் போட்டு, விளக்குக்குப் போகும் வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். வயர் எது என்று தெரிந்ததும் சாவியை ஆஃப் செய்துவிட்டு, சிவப்பை அதில், கறுப்பை வண்டி உடம்பின் எர்த்தில் இணையுங்கள். நடுவில் 1 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள். வயரைக் கடித்துப் பிடிக்கும் கிளிப்புகளை நம்பாதீர்கள், ஈரத்தில் பச்சை பிடித்து ஒருநாள் அறுந்துவிடும். சால்டர் செய்து மேலே, சூடு பட்டால் சுருங்கும் குழாய் போடுங்கள். விளக்கு எரிகிறதா என்று கணினி கண்காணிக்கும் கார்களில் இந்த இணைப்பு விட்டுவிட்டு வேலை செய்யும். அங்கே நடுவில் ரிலே அல்லது ஃபில்டர் தேவைப்படும். அந்த வேலைக்கு மட்டும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள்.

வயர்களைச் சைலன்சருக்குப் பக்கத்தில் விடாதீர்கள். டிக்கிக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் அடைப்பு வழியாகவே விடுங்கள். தகட்டு விளிம்பு வயரை மெல்ல மெல்ல அறுக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டியில் சென்சார்களைச் செருகும் ஏ, பி, சி, டி வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒருவர் அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். முன்போலவே ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இன்ஜினை இயக்காமல் ரிவர்ஸ் கியர் போடுங்கள். வண்டியை நகர்த்த வேண்டாம், அவர் மெல்ல நெருங்கி வரட்டும். ஒலி மாறும் ஒவ்வொரு இடத்திலும் தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். பிறகு அதையே துடைப்பக் கட்டை, தொங்கும் சங்கிலி, தாழ்வான செங்கல், கம்பளித் துணி ஆகியவற்றோடு செய்யுங்கள். மெல்லியது, சாய்ந்தது, மென்மையானது எல்லாம் ஒலியைச் சரியாகத் திருப்பாது. அவற்றில் எது உங்கள் சென்சாருக்குத் தெரியவில்லை என்று உங்களுக்கே தெரிய வரும். குழந்தை நிற்பதும் சில நேரம் தெரியாமல் போகலாம். எனவே வண்டியில் ஏறும் முன் பின்னால் ஒருமுறை நடந்து பார்க்கும் பழக்கத்தை விடவே விடாதீர்கள்.

பிறகு ஒருநாள் காரணமில்லாமல் கத்தினால் முதலில் சென்சார் முகங்களைத் துடையுங்கள். சேறும் நீர்த்துளியும்தான் பெரும்பாலும் குற்றவாளி. பக்கத்தில் லாரியின் ஏர் பிரேக் சீறினாலும், இன்னொரு காரின் சென்சார் எதிரே இருந்தாலும் ஒரு கணம் குழம்பும், அது பழுதில்லை. தொடர்ந்து ஒரே பக்கம் கத்தினால், ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ரிவர்ஸ் கியரில் வைத்து ஒவ்வொரு சென்சாரிலும் காது வைத்துப் பாருங்கள். வேலை செய்யும் சென்சாரில் டிக் டிக் என்ற மெல்லிய ஓசை வரும். திரையுள்ள செட் என்றால், சந்தேகமானதன் பிளக்கை, கட்டுப்பாட்டுப் பெட்டியில் பக்கத்து பிளக்கோடு மாற்றிச் செருகுங்கள். பழுது திரையில் இடம் மாறினால் சென்சாரோ அதன் வயரோ போயிருக்கிறது. மாறாமல் அங்கேயே நின்றால் பெட்டியை மாற்றுங்கள்.