“இவர்தான் என் சோல்மேட்டா?”

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 28 வயது. களுவாஞ்சிக்குடிப் பக்கம், பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். வருகிற ஆவணியில் கலியாணம். மாப்பிள்ளைக்கு தம்பிலுவில். பத்துப் பொருத்தத்தில் எட்டு இருக்கிறது என்று சாத்திரி சொல்ல, வீட்டார் பேசி நிச்சயித்தார்கள். ஒன்றரை வருடமாகப் போனில் கதைக்கிறோம். நல்ல மனுசன், கோபம் குறைவு. ஆனால் கதையும் குறைவு. நான் பத்து வரி மெசேஜ் போட்டால் “ம், சரி” என்று பதில் வரும்.

மாசி மாதம் மட்டக்களப்பில் மூன்று நாள் பயிற்சிக்குப் போனேன். அங்கே ஒருவரைச் சந்தித்தேன். நான் ஒரு வசனத்தைத் தொடங்கினால் அவர் முடிப்பார். கடைசி நாள் பழைய கல்லடிப் பாலத்தில் நாலைந்து பேராக நடந்தோம். நாங்கள் இரண்டு பேரும் கதைத்துக்கொண்டே பின்தங்கிவிட்டோம், இருட்டினதுகூடத் தெரியவில்லை. பிழையாக ஒன்றும் நடக்கவில்லை, அதற்குப் பிறகு தொடர்பும் இல்லை. ஆனால் மனம் அங்கேயே நிற்கிறது. “சோல்மேட் என்றால் சொல்லாமலே விளங்கும்” என்கிறாள் என் சிநேகிதி.

அம்மா எனக்கு வீடு கட்டுகிறா. ஞாயிறு வந்தால் மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்து, பூசின சுவருக்கெல்லாம் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடிப்பார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். அவரைப் பார்க்கவே குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. சோல்மேட் என்று, எனக்கென்றே பிறந்த ஒருவர் உண்மையிலேயே இருக்கிறாரா? இவர் இல்லையென்றால் இப்போதே நிறுத்திவிடவா?

— ஒரு தங்கை

அன்புத் தங்கச்சி,

முதலில் அந்தக் குற்ற உணர்ச்சியை இறக்கி வையுங்கள். ஒருவரோடு கதைக்க மனம் மலர்ந்தது துரோகம் இல்லை. உங்களுக்கு எதில் பசி இருக்கிறது என்று அந்தப் பாலம் காட்டித் தந்திருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

சோல்மேட் என்ற எண்ணம் மிகப் பழையது. ஆதியில் மனிதருக்கு நாலு கை, நாலு கால், இரண்டு முகம் இருந்ததாம். சேயுஸ் கடவுள் அவர்களை இரண்டாகப் பிளந்தாராம். அன்றிலிருந்து ஒவ்வொரு பாதியும் மற்றப் பாதியைத் தேடி அலைகிறதாம். கிரேக்கத்துப் பிளேட்டோ எழுதிய விருந்துக் கதையில் இப்படி வருகிறது. எங்கள் ஊரில் சாத்திரியிடம் இரண்டு குறிப்பையும் கொண்டுபோகிறபோது நாங்கள் கேட்பதும் ஏறக்குறைய இதே கேள்விதான்.

அப்படி ஒருவர் எழுதிவைக்கப்பட்டிருக்கிறாரா என்று எந்த ஆய்வாலும் சொல்ல முடியாது. ஆனால் அப்படி நம்புவதால் உறவுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். 1998இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ‘விதித்தவர்’ என்பதில் உறுதியாக இருந்தவர்களின் உறவு, தொடக்கம் இனித்திருந்தால் நீடித்தது. தொடக்கத்தில் நிறைவு குறைந்திருந்தால் சீக்கிரமே முறிந்தது. ஸ்பைக் லீ, நோபர்ட் ஷ்வாட்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 2014இல் இன்னொன்றைக் காட்டினார்கள். காதலை ‘ஒன்றுக்கொன்று படைக்கப்பட்ட பாதிகள்’ என்று நினைக்கவைத்தபின் பழைய சண்டைகளை நினைவூட்டினால், ஆய்வில் கலந்துகொண்டவர்கள் தங்கள் உறவில் திருப்தி குறைவு என்றார்கள். ‘சேர்ந்து போகிற பயணம்’ என்று நினைத்தவர்களை அதே சண்டைகள் அவ்வளவாகப் பாதிக்கவில்லை. உங்கள் விஷயத்திலும் பாருங்கள், “ம், சரி” என்ற ஒரு மெசேஜ் இப்போது தீர்ப்பு மாதிரி ஆகிவிட்டது.

பாலத்தில் கதைத்தவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்று நாளும் உங்கள் இருவருக்கும் நடுவில் சீமெந்து விலை இல்லை, மாமியார் இல்லை, காய்ச்சல் இல்லை. ஒரே தொழில், ஒரே பயிற்சி, ஒரே பகிடி. வசனத்தை முடித்து வைக்க அது போதும்.

இனி உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் தாண்டிப் போன இடம் அது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் தன் ஊரையும் தாயையும் விட்டு வந்து குடியேறுகிறவர். சுவர் வெடிக்கக்கூடாதென்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடி வந்து தண்ணீர் அடிக்கிறாரே, அந்த வீட்டில் ஒரு சுவரிலாவது அவரைக் கேட்டு நிறம் தெரிவு செய்தீர்களா? கதை குறைந்த மனுசனா, அல்லது இன்னும் விருந்தாளியாக நிற்கிறபடியால் கதைக்காத மனுசனா என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. எனக்கும் தெரியாது.

சொல்லாமலே விளங்கவேண்டும் என்று உங்கள் சிநேகிதி சொல்வதை நான் ஏற்கமாட்டேன். எத்தனையோ வருடம் குடும்பம் நடத்தியவர்கள் என் முன்னால் இருந்து, “இது உனக்கு நோகும் என்று எனக்குத் தெரியாதே” என்று அழுததைக் கண்டிருக்கிறேன். “உங்களோடு நிறையக் கதைக்க ஆசை, ‘ம், சரி’ என்று வந்தால் மனம் சுருங்குகிறது” என்று நீங்கள் அவரிடம் ஒருநாளாவது சொன்னீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. மெசேஜில் வேண்டாம், நேரில் சொல்லுங்கள்.

சொன்ன பிறகு அவர் பகிடி பண்ணினால், அலட்சியம் செய்தால், அல்லது உங்களுக்கு அவரிடம் பயம் வந்தால் விஷயம் வேறு. அப்போது வீடு பாதி கட்டியாயிற்று, ஊர் என்ன சொல்லும் என்று பார்க்கவேண்டாம். நிறுத்தலாம். அம்மாவுக்கு எப்படிச் சொல்வதென்று சேர்ந்து யோசிப்போம், எனக்கு எழுதுங்கள். அவர் தடுமாறினால், வார்த்தை வராமல் நின்றால், கொஞ்சம் நேரம் கொடுங்கள். மூன்று நாளில் கதைக்கிறவர்களும் இருக்கிறார்கள், மூன்று மாதம் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்த ஞாயிறு தேத்தண்ணியை அம்மா கையில் விடாமல் நீங்களே கொண்டுபோங்கள். ஹோஸை வாங்கி மற்றச் சுவருக்கு நீங்கள் தண்ணீர் அடியுங்கள். அடித்துக்கொண்டே கேளுங்கள்: “வேலை முடிந்து வந்தால் இந்த வீட்டில் எந்த இடத்தில் இருக்க உங்களுக்கு விருப்பம்?”

அன்புடன்,
அக்கா